சதுரங்கம்: அடிக்காமல் காத்திருந்து ஜெயிப்பது எப்படி?

சதுரங்கத்தில் முதலில் நகர்த்துபவருக்குத்தான் அனுகூலம் என்பார்கள். வெள்ளைக் காய்களுடன் ஆடுபவர்தான் எப்போதும் முதலில் நகர்த்துவார்.

ஆனால் 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் முதல் ஆட்டத்தில் வென்றது கறுப்பு. உலகப் பட்டத்தை முடிவு செய்த கடைசி ஆட்டத்திலும் வென்றது கறுப்புதான்.

இரண்டிலும் ஜெயித்தவர்கள் வேறு. முதல் ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென். கடைசி ஆட்டத்தில் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ்.

பின்னால் நின்று, பொறுமையாகத் தற்காத்து, சரியான நேரத்தில் திருப்பி அடிப்பது எப்படி? "சும்மா காத்திருந்தா போதுமா?" போதாது. ஏன் என்பதை அந்த இரண்டு ஆட்டங்களைக் கொண்டே பார்க்கலாம்.

செந்தோசாவில் என்ன நடந்தது?

போட்டி நடந்த இடம் ரிசோர்ட்ஸ் வேர்ல்டு செந்தோசாவில் உள்ள ஈக்குவேரியஸ் ஹோட்டல். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து செந்தோசா கூப்பிடு தூரம்தான். உலகப் பட்டத்துக்கான போட்டி சிங்கப்பூரில் நடந்தது அதுவே முதல் முறை.

- தொடக்கம்: 2024 நவம்பர் 25
- ஆட்டங்கள்: 14
- மொத்தப் பரிசு: 2.5 மில்லியன் அமெரிக்க டாலர்
- நடப்பு வெற்றியாளர்: டிங் லிரென் (2023இல் பட்டம் வென்றவர்)
- சவால் விடுத்தவர்: குகேஷ் (2024 ஏப்ரலில் டொரொண்டோவில் தகுதி பெற்றவர்)

போட்டிக்கு முன்பு பெரும்பாலானோர் குகேஷ்தான் எளிதாக வெல்வார் என்று நினைத்தார்கள். டிங் பல மாதங்களாக நீண்ட நேர ஆட்டம் ஒன்றில்கூட வெல்லவில்லை. அவர் தடுமாறிக்கொண்டிருந்தார், குகேஷ் ஏறுமுகத்தில் இருந்தார்.

எதிராளி பலவீனமாகத் தெரிந்தால் என்ன தோன்றும்? "இப்பவே அடிச்சுடலாம்"னு தோன்றும். முதல் ஆட்டத்தில் குகேஷ் வெள்ளைக் காய்களுடன் அடிக்கத்தான் போனார்.

பிரெஞ்சுத் தற்காப்பு என்றால் என்ன?

குகேஷ் முதலில் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். சதுரங்க மொழியில் அது 'இ4'. பலகையின் எட்டு வரிசைகளுக்கும் ஏ முதல் எச் வரை பெயர் உண்டு. ராஜா நிற்பது இ வரிசை.

டிங் அதே வரிசைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினார். இதுதான் பிரெஞ்சுத் தற்காப்பு.

பெயர் எப்படி வந்தது? 1834இல் லண்டன் சதுரங்க மன்றமும் பாரிஸ் மன்றமும் கடிதம் மூலம் ஒரு போட்டியைத் தொடங்கின. லண்டன்காரர்களின் இ4 நகர்த்தலுக்குப் பாரிஸ் அணி இப்படிப் பதில் சொன்னது. பெயர் ஒட்டிக்கொண்டது.

பார்க்க இது கொஞ்சம் கூச்சப்படுகிற நகர்த்தல் மாதிரி இருக்கும். வெள்ளை இரண்டு கட்டம் வந்தால் கறுப்பு ஒரு கட்டம்தான் வருகிறது. பலகையின் நடுப்பகுதியை வெள்ளைக்கு விட்டுக் கொடுக்கிறதோ என்று தோன்றும்.

உண்மையில் அது ஓர் அழைப்பு. அடுத்த நகர்த்தலிலேயே கறுப்பு தன் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, நடுவில் நிற்கும் வெள்ளைச் சிப்பாயைத் தாக்கும். வெள்ளை பல நேரங்களில் அந்தச் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் முன்னே தள்ளிவிடும். குகேஷும் அதைத்தான் செய்தார்.

இப்போது வெள்ளைச் சிப்பாய்கள் சங்கிலி போல நிற்கின்றன. ஒன்று முன்னால், அதற்குக் காவலாக இன்னொன்று பின்னால். வெள்ளைக்கு நிறைய இடம். கறுப்புக்கு நெருக்கடி. கறுப்பின் ஒரு பிஷப் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும். பிரெஞ்சுத் தற்காப்பு ஆடுபவர்கள் எல்லாரும் கொடுக்கும் விலை அது.

சங்கிலியை எங்கே அடிப்பது?

சங்கிலியின் முன்நுனி பயமுறுத்தும். ஆனால் பலவீனம் இருப்பது அடியில். அடிச் சிப்பாய் விழுந்தால் அதை நம்பி முன்னால் நிற்கும் சிப்பாய்க்கும் ஆதரவு போய்விடும்.

சிப்பாய்ச் சங்கிலியை அதன் அடியில் தாக்க வேண்டும் என்பதைக் கொள்கையாக எழுதி வைத்தவர் ஆரோன் நிம்ஸோவிச். 1920களில் அவரும் ரிச்சர்ட் ரெட்டி போன்றவர்களும் ஒரு புது எண்ணத்தை முன்வைத்தார்கள். நடுப்பகுதியைச் சிப்பாய்களை வைத்துப் பிடித்துக்கொண்டால்தான் ஆட்டம் கைவசம் என்பதில்லை. எதிராளி பிடிக்கட்டும். பிடித்ததைக் காப்பாற்றும் வேலையும் அவருடையதாகிவிடும்.

இதுதான் பொறுமையான தற்காப்பின் அடிப்படைக் கணக்கு. முன்னேறிய சிப்பாய் திரும்பி வர முடியாது. குதிரை, யானை, ராணி எல்லாம் பின்வாங்கலாம். சிப்பாய்க்கு மட்டும் 'ரிவர்ஸ் கியர்' இல்லை. அது முன்னேற முன்னேறப் பின்னால் காலி இடம் விழும். அந்தக் காலி இடத்தைத்தான் தற்காப்பவர் கண் வைத்துக் காத்திருக்கிறார்.

முதல் ஆட்டம்: அழைப்பை ஏற்ற குகேஷ்

நவம்பர் 25. குகேஷின் சிப்பாய்கள் டி, இ, எஃப் வரிசைகளில் முன்னேறி நின்றன. டிங் சி வரிசைச் சிப்பாயைக் கொண்டு சங்கிலியின் அடியைத் தாக்கினார். கூடவே ராணிப் பக்க ஓரத்தில், ஏ வரிசைச் சிப்பாயையும் முன்னே தள்ளத் தொடங்கினார்.

பத்தாவது நகர்த்தலில் குகேஷ் ராஜாப் பக்கம் உள்ள ஜி வரிசைச் சிப்பாயையும் இரண்டு கட்டம் பாய்ச்சினார். 'இந்தப் பக்கம் உன்னை நசுக்கப் போகிறேன்' என்ற அறிவிப்பு அது.

டிங் அந்தப் பக்கம் போய் மோதவில்லை. வெள்ளை ராஜாப் பக்கம் தாக்கினால், கறுப்பு ராணிப் பக்கம் போகும். எதிராளி பலமாக இருக்கும் இடத்தில் முட்டாமல், அவர் கவனிக்காத இடத்தில் வேலையைத் தொடங்குவது. சி வரிசை திறந்தது. கறுப்புக் காய்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அதுவரை நெருக்கடியில் இருந்தவை ஒவ்வொன்றாக முன்னே வந்தன.

இப்போது வெள்ளைக்குச் சிக்கல். ராஜாவைக் காக்க வேண்டிய எஃப், ஜி சிப்பாய்கள் ஏற்கெனவே முன்னால் போய்விட்டன. அவற்றைத் திரும்பக் கூப்பிட முடியாது. 42 நகர்த்தல்களில் டிங் வென்றார்.

இதைக் கேட்டவுடன் "குகேஷ் அவசரப்பட்டுட்டார்"னு சொல்லிவிடலாம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. வெள்ளை தாக்காமல் விட்டாலும் பிரெஞ்சுத் தற்காப்பில் கறுப்பு மெல்ல மெல்ல விடுபட்டுவிடும். தாக்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. பொறுமையான தற்காப்பு எதிராளியை அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நகர்த்தலிலும் பதில் சொல்ல வைக்கிறது. ஒரு பதில் தப்பினாலும் போதும்.

குகேஷ் என்ன மாற்றினார்?

போட்டி முழுவதும் குகேஷ் பிரெஞ்சுத் தற்காப்பை மூன்று முறை சந்தித்தார்.

- ஆட்டம் 1: நேரடித் தாக்குதல். தோல்வி.
- ஆட்டம் 5: நடுவில் சிப்பாய்களை உடனே மாற்றிக்கொண்டு, சங்கிலியே உருவாகாமல் பார்த்துக்கொண்டார். சமநிலை.
- ஆட்டம் 13: மீண்டும் சங்கிலி. ஆனால் இம்முறை ஓரத்தில் ஒரு சிறிய காப்பு நகர்த்தலைச் சேர்த்துக்கொண்டார். டிங் கடுமையாகப் போராடித் தப்பித்தார். சமநிலை.

13ஆவது ஆட்டத்தை ஆட்ட ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். குகேஷ் வெற்றிக்கு மிக அருகில் போனார். டிங் நெருக்கடியில் யானையை வைத்து, தப்பிக்க இருந்த ஒரே வழியைக் கண்டுபிடித்தார். பொறுமையான தற்காப்பு எவ்வளவு துல்லியம் கேட்கும் என்பதற்கு அது உதாரணம். தாக்குபவருக்கு நல்ல நகர்த்தல்கள் பல இருக்கலாம். தற்காப்பவருக்குச் சில நேரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் தலா 6.5 புள்ளி.

கடைசி ஆட்டம்: காத்திருப்பு எப்போது ஆபத்து?

டிசம்பர் 12. வெள்ளைக் காய்கள் டிங்கிடம். முதலில் நகர்த்தும் அனுகூலம் அவருக்கு.

ஆனால் ஆட்டம் போகப் போக டிங் காய்களை மாற்றி மாற்றி ஆட்டத்தைச் சுருக்கினார். ஒரு சிப்பாயை இழக்கவும் தயாரானார். கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள்தான் மிச்சம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல்.

இந்த நிலை சமநிலையில் முடிய வேண்டியது. டிங் போன்ற ஒருவருக்கு அதைத் தற்காப்பது கஷ்டமே இல்லை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்தார்கள்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதல் ஆட்டத்தில் டிங் தற்காத்தபோது அவர் கையில் ஓர் எதிர்த்தாக்குதல் இருந்தது. குகேஷ் ஒவ்வொரு நகர்த்தலிலும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்தது. கடைசி ஆட்டத்தில் டிங்கிடம் எந்த மிரட்டலும் இல்லை. அவர் தவறு செய்யாமல் இருந்தால் போதும். ஆனால் தவறு செய்யாமல் இருப்பது மட்டுமே அவர் வேலை. குகேஷ் எதையும் இழக்காமல் நகர்த்தி நகர்த்திச் சோதித்துக்கொண்டே இருக்கலாம்.

ஜெயிக்க முயலக்கூடியவர் ஒருவர் மட்டும். களைப்பு, நேர நெருக்கடி, பதற்றம் எல்லாம் மற்றவர் தலையில்.

55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோய், யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய பிஷப் பலகையின் மூலையில் நின்றது. யானைகள் போனதும் குகேஷ் தம்முடைய பிஷப்பை நடுவில் வைத்து, அதையும் மாற்றிக்கொள்ளக் கட்டாயப்படுத்தினார். மூலையில் இருந்த பிஷப்புக்குத் தப்பிக்க இடமில்லை.

ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் வெற்றி. 58 நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் மேசையிலேயே கண்கலங்கினார். 7.5-6.5. 22 வயதில் பட்டம் வென்ற கேரி காஸ்பரோவின் 1985ஆம் ஆண்டுச் சாதனை முறியடிக்கப்பட்டது.

17 நாள் இடைவெளியில், ஒரே மேசையில், பொறுமையின் இரண்டு முகங்கள். ஒன்றில் காத்திருந்தவருக்கு ஓர் இலக்கு இருந்தது. இன்னொன்றில் காத்திருந்தவருக்கு 'முடிஞ்சா போதும்' என்பது மட்டும்தான் இருந்தது.

ஆனந்த் சோஃபியாவில் செய்தது

இந்தப் பாடம் சென்னைக்குப் புதிதல்ல.

2010 மே மாதம். பல்கேரியத் தலைநகர் சோஃபியா. விஸ்வநாதன் ஆனந்த், சொந்த மண்ணில் ஆடும் வெசெலின் தோப்பலோவைச் சந்தித்தார். 11 ஆட்டங்களுக்குப் பிறகு 5.5-5.5. கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு.

அதுவும் சமநிலையில் முடிந்தால் அடுத்து வேக ஆட்டங்கள். வேக ஆட்டத்தில் ஆனந்த் பலமானவர் என்பது தோப்பலோவுக்குத் தெரியும். அதனால் அவர் அன்றே ஜெயிக்க ஆசைப்பட்டார்.

ஆனந்த் தேர்ந்தெடுத்தது ராணிச் சிப்பாய்த் தொடக்கத்தில் பழமையான லாஸ்கர் தற்காப்பு. 27 ஆண்டுகள் உலக வெற்றியாளராக இருந்த இமானுவல் லாஸ்கரின் பெயர் கொண்டது. கவர்ச்சி ஏதும் இல்லை. சில காய்களை மாற்றிக்கொண்டு, நெருக்கடியைக் குறைத்து, உறுதியாக உட்கார்ந்துகொள்வது.

தோப்பலோவ் பொறுக்கவில்லை. தம்முடைய ராஜாவுக்கு முன்னால் இருந்த வழிகளைத் தாமே திறந்துவிட்டார். அந்த நொடி வரை அடக்கமாக இருந்த ஆனந்தின் ராணியும் பிஷப்பும் அந்த வழியாகவே உள்ளே புகுந்தன. ஆனந்த் 6.5-5.5 என்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

திருக்குறளில் 'காலமறிதல்' என்று தனி அதிகாரமே உண்டு. சண்டைக்கு நிற்கும் ஆட்டுக்கடா பின்னால் நகர்வது பயத்தால் அல்ல, வேகம் எடுத்துப் பாய்வதற்கு என்ற ஒப்புமை அதில் வருகிறது. ஆனந்த் அன்று ஆடியது அதே முறையில்தான். பின்னால் போகும் போதே பாயும் திசை தெரிந்திருக்க வேண்டும்.

தற்காப்பு எல்லாம் ஒரே மாதிரியா?

இல்லை. பொறுமையான தொடக்கங்களிலும் குணம் வேறுபடும். நான்கு வகைகளைச் சொல்லலாம்.

சுவர்: இதற்குப் பெயர் போனது பெர்லின் தற்காப்பு. 2000ஆம் ஆண்டு லண்டனில் விளாடிமிர் கிராம்னிக் அதை வைத்துக் காஸ்பரோவைத் தடுத்து நிறுத்தினார். ராணிகள் சீக்கிரமே பலகையை விட்டுப் போய்விடும். தாக்குவதற்கு ஆளே இருக்காது. 15 ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றில்கூட வெல்ல முடியவில்லை. கிராம்னிக் தம்முடைய வெற்றிகளை வெள்ளைக் காய்களுடன் எடுத்துக்கொண்டார்.

தூண்டில்: அலெக்கைன் தற்காப்பு இந்த வகை. கறுப்பு முதல் நகர்த்தலிலேயே குதிரையை வெளியே கொண்டுவந்து, 'முடிந்தால் துரத்து' என்கிறது. துரத்தத் துரத்த வெள்ளைச் சிப்பாய்கள் தூரம் போய்விடும்.

முள்ளம்பன்றி: பெயரே அதுதான். கறுப்பு தன் சிப்பாய்களில் நான்கை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி முள் போல வைத்துக்கொள்ளும்; மற்றக் காய்கள் அவற்றின் பின்னால். வெள்ளைக்கு முழு இடமும் இருக்கும், ஆனால் தொட்டால் குத்தும். சரியான நேரத்தில் பி அல்லது டி வரிசைச் சிப்பாய் முன்னே பாய்ந்தால், அதுவரை தூங்கியதாகத் தெரிந்த எல்லாக் காய்களும் ஒரே சமயத்தில் விழித்துக்கொள்ளும்.

சங்கிலி உடைப்பு: மேலே பார்த்த பிரெஞ்சுத் தற்காப்பும், கிங்ஸ் இந்தியன் தற்காப்பும் இந்த வகை. நடுப்பகுதியை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சிப்பாயை வைத்தே அதை உடைப்பது.

நான்கிலும் பொதுவான ஒன்று உண்டு. கறுப்புக்கு எங்கே, எந்தக் காயைக் கொண்டு திருப்பி அடிக்கலாம் என்பது தொடக்கத்திலேயே தெரியும். எப்போது என்பது மட்டும்தான் தெரியாது.

நீங்கள் ஆடும்போது

வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஆடினாலும் சரி, கைப்பேசியில் ஆடினாலும் சரி, தற்காக்கும் நிலை வந்தால் மூன்று கேள்விகள் உதவும்.

1. எதிராளி எதை விட்டுவிட்டு வந்தார்? முன்னால் வந்த சிப்பாயைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், அது கிளம்பிய இடத்தைப் பாருங்கள். அங்கே இப்போது யார் காவல்?

2. என்னுடைய திருப்பி அடிக்கும் நகர்த்தல் எது? பெயர் சொல்லிச் சொல்ல முடிய வேண்டும். 'சி வரிசைச் சிப்பாய்' என்பது பதில். 'பாத்துக்கலாம்' என்பது பதில் அல்ல. பதில் இல்லையென்றால் நீங்கள் செய்வது தற்காப்பு அல்ல, வெறும் தள்ளிப்போடுதல்.

3. அதற்கு எல்லாம் தயாரா? ராஜா பாதுகாப்பாக இருக்கிறாரா? யானைகள் வெளியே வர வழி இருக்கிறதா? ஒரு காய் மட்டும் பாய்ந்து, மற்றவை வேடிக்கை பார்த்தால் எதிர்த்தாக்குதல் இரண்டு நகர்த்தலில் அடங்கிவிடும்.

கடிகாரத்தையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூர்ப் போட்டியில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம். மூன்றாவது ஆட்டத்தில் டிங் 37ஆவது நகர்த்தலிலேயே நேரம் தீர்ந்து தோற்றார். பொறுமை என்பது பலகையில்தான். கடிகாரம் யாருக்காகவும் பொறுக்காது.

எதில் தொடங்கலாம்?

புதியவர்களுக்குப் பிரெஞ்சுத் தற்காப்பு நல்ல பயிற்சி. முதல் சில நகர்த்தல்கள் எளிது, திருப்பி அடிக்கும் இடமும் தெளிவாகத் தெரியும்.

நண்பர் ஒருவருடன் இப்படி ஆடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் முதல் ஐந்து நகர்த்தல்களை, அந்த நவம்பர் ஆட்டத்தில் குகேஷும் டிங்கும் வைத்த மாதிரியே வையுங்கள். அதன்பிறகு சொந்தமாக ஆடுங்கள். முடிந்ததும் பக்கம் மாறி இன்னொரு முறை. ஆட்டத்தின் முழு நகர்த்தல் பட்டியலும் சதுரங்கத் தளங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

வெள்ளையாக ஆடும்போது 'இவ்வளவு இடம் இருக்கே, ஏன் ஜெயிக்க முடியல?' என்று தோன்றும். கறுப்பாக ஆடும்போது அதற்கான காரணம் புரியும்.